மஞ்சள் பலகைக்கு முன்னால் நான்கு நிமிடம்

1

மொன்றியலில் மின்சாரம் போய்விட்டது என்று எழுதினால் ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். உங்களுக்கு எத்தனை வருடமாக இல்லையென்று எனக்கும் தெரியும். ஆனால் இங்கே இது சனவரி மாதம். வானத்திலிருந்து தண்ணீராக விழுந்த மழை, தொட்ட இடத்திலெல்லாம் உறைந்து நின்றது. மரங்கள் முறிந்தன. பெரிய மின்கோபுரங்கள் மடங்கி விழுந்தன. ஆற்றுக்கு அக்கரையில், லொங்கேய் பக்கத்தில், சனம் விறகு எரித்துக்கொண்டு கோட்டோடு படுத்துக் கிடக்கிறது.

கடைசியில் இராணுவத்தைக் கூப்பிட்டார்கள். பச்சை ட்ரக்குகள் எங்கள் சென் மிஷேல் தெருவுக்குள் வந்தபோது சனம் வாசலில் நின்று கைதட்டியது. அயல்வீட்டு ஹெய்ட்டிக்காரப் பெண் தன் குழந்தையை ஒரு சிப்பாயின் கையில் கொடுத்துப் படம் எடுத்தாள். நான் எழும்பிப் போய் யன்னல் சீலையை இழுத்து மூடினேன்.

“உதென்ன விசர் வேலை? இருக்கிற வெளிச்சமும் போகுது” என்று மனைவி மறுபடி திறந்தாள்.

எங்கள் தெருவுக்கு நாலாம் நாள் மின்சாரம் வந்தது. லொங்கேயில் தனியாக இருக்கும் என் முதலாளி கஸ்தோனுக்கு வரவில்லை. அவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர், வயது எழுபத்தொன்று, மனைவி இல்லை. வீட்டோடு சேர்ந்த கராஜில் பழைய கார்களைத் திருத்துவது அவருடைய பைத்தியம். ஒன்பது வருடமாக அங்கே இருக்கிற ஒரே மெக்கானிக் நான். அவருக்குப் பிடித்த ஆட்டிறைச்சி ரோல்ஸைப் பொரித்து, சூப்பை ஃபிளாஸ்கில் ஊற்றி, “கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ” என்றாள் மனைவி. என் கார் முறிந்த மேப்பிள் கிளைக்கு அடியில் கிடந்தது. அதனால் மகளுக்குப் போன் எடுத்தாள்.

மகள் கௌசி இப்போது எங்களோடு இல்லை. போன இலையுதிர்காலத்தில் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட இரண்டு சிநேகிதிகளோடு அறை எடுத்துப் போய்விட்டாள். இருபது வயது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவாள், தாயோடு குசினியில் இருந்து கதைப்பாள். என்னோடு மூன்று சொல்தான்: “ஓம்”, “இல்லை”, “சாப்பிட்டனான்.” பிள்ளைகள் இந்த நாட்டில் இப்படித்தான் விலகிப் போகிறார்கள் என்று ஊருக்கு நானே எத்தனை கடிதம் எழுதியிருப்பேன்! அதில் ஒன்றுகூட உண்மை இல்லை. என் பிள்ளை ஏன் விலகினாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

2

நான் ஊரில் வாடகைக்கார் ஓடியவன் என்பது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒஸ்ரின் ஏ-ஃபோர்ட்டி. இங்கே வந்து, எல்லாரையும்போல, ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது மனைவியின் தம்பி ஒருநாள், “அத்தான், லொங்கேயில ஒரு டொக்டர் உங்கட கார் மாதிரி ஒண்டை வைச்சு மல்லுக்கட்டுறாராம்” என்றான்.

போய்ப் பார்த்தால் அசல் ஏ-ஃபோர்ட்டி. கஸ்தோனின் தகப்பன் இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு புதிதாக வாங்கியது. நாட்டுப்புறத்து வீட்டில் வைக்கோலுக்கு அடியில் இருபது வருடம் கிடந்திருக்கிறது. பேசப் பாஷை இல்லை. கழற்றி, ஊதி, துடைத்து, ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினேன். மூன்றாம் சுற்றில் பிடித்தது. கஸ்தோன் என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். நான் பயந்துபோனேன்.

ஐரோப்பாவில் இந்தப் பழைய கார்களை வைத்து ராலி நடத்துகிறார்கள். வேகப்போட்டி என்று நினைத்துவிடாதீர்கள். பாதை எழுதிய புத்தகம் ஒன்று தருவார்கள். இன்ன ஊரில் இன்ன மேசைக்கு, இத்தனை மணி இத்தனை நிமிடத்துக்கு வந்து சேர வேண்டும் என்று அதில் இருக்கும். பிந்தினால் புள்ளி வெட்டுவார்கள். முந்தினால் அதைவிடக் கூட வெட்டுவார்கள். மேசைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மஞ்சள் பலகை நிற்கும். அதைத் தாண்டினால் வந்து சேர்ந்ததாகக் கணக்கு. நேரம் இருந்தால் பலகைக்கு இப்பால் காரை ஓரமாக நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஒரு காருக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்டுநர். மற்றவர் பக்கத்தில் இருந்து புத்தகத்தையும் மணிக்கூட்டையும் பார்த்து வழி சொல்கிறவர்.

கஸ்தோனுக்கு ஒரே ஆசை, தகப்பனின் காரை ஒருமுறை அந்த மலைகளில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று. ஆனால் நெஞ்சைத் திறந்து வைத்தியம் செய்த பிறகு டொக்டர் ஸ்ரியறிங் பக்கமே போகவேண்டாம் என்று சொல்லிவிட்டார். “நீ ஓட்டு, நான் பின்னால் வான் வண்டியில் வருகிறேன்” என்றார். புத்தகம் முழுக்கப் பிரெஞ்சு. என்னுடையது கராஜ் பிரெஞ்சு: நட்டு, எண்ணெய், சரி, சரியில்லை, நாளைக்கு. ஆகவே வழி சொல்ல மகளைக் கேட்டேன். மாட்டேன் என்பாள் என்றே நினைத்தேன்.

3

ஒரு விஷயத்தை இடையில் சொல்ல வேண்டும். எண்பத்துநாலில் மனைவியையும் கௌசியையும் முதலில் அனுப்பினேன். பிள்ளைக்கு ஆறு வயது. நான் காரோடும் தாய்தகப்பனோடும் நின்றுவிட்டேன். நான் வந்து சேர நாலு வருடம் ஆயிற்று. விமான நிலையத்தில் அவள் தாயின் கோட்டுக்குப் பின்னால் நின்று எனக்குப் “பொன்ஜூர்” என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னாள். அந்த நாலு வருடத்தை நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் பேசித் தீர்க்கவில்லை.

அந்தப் பிள்ளை வழிசொல்ல ஓம் என்று சொன்னாள். வாக்கெடுப்பு முடிந்து, கியூபெக் பிரியுமா பிரியாதா என்று சனம் வாய்கிழியக் கதைத்துக் களைத்திருந்த குளிர்காலம் அது. சனிக்கிழமைகளில் பியர்போன் பக்கத்து அமைதியான தெருக்களில் பழகினோம். அவள் மடியில் எழுதுபலகை, கழுத்தில் இரண்டு ஸ்ரொப்வொட்ச், காதில் பென்சில்.

“மெல்ல அப்பா, இருபது செக்கன் கூட இருக்கு. அடுத்த சந்தியில இடது.”

“மெல்லத்தானே போறன்.”

“மெல்லவோ? கலியாண வீட்டுக்கு ரெண்டு மணித்தியாலம் பிந்திப் போற ஆள், இதுக்கு மட்டும் ஏன் இப்பிடிப் பறக்கிறியள்?”

இப்படிக் கதைக்கத் தெரிந்த பிள்ளை என் வீட்டில் இருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது. இடையில் வண்டியை நிறுத்திக் கோப்பி குடிப்போம். செஜெப் என்கிற கல்லூரியில் படிக்கிற கணக்கைப் பற்றிச் சொல்வாள். எனக்கு விளங்காது. தலையை ஆட்டுவேன்.

கடவுச்சீட்டு விண்ணப்பம் ஒரு தனிக் கூத்து. என் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் தகப்பனின் பெயர். அவளுடையதில் என் பெயர். கந்தோர்ப் பெண் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “நீங்கள் உண்மையில் உறவா?” என்று கேட்டாள். பெல்ஜியத்தில் அதைவிட மோசம். வெவ்வேறு பெயரைப் பார்த்து நாங்கள் புருசன் பெண்சாதி என்று நினைத்து ஒரே அறை, நடுவில் பெரிய கட்டில், அதன்மேல் பூங்கொத்து! கௌசி முதலில் சிவந்து, பிறகு கட்டிலில் விழுந்து சிரித்தாள். அறை மாற்றக் கீழே போனபோது அந்தக் கதையைக் கேட்டு அவளை விடக் கூடச் சிரித்தவர் எலென் என்ற பெல்ஜிய அம்மா. அறுபது வயதுக்கு மேல். தன் பழைய திறந்த காரைத் தானே ஓட்டுகிறவர். அன்று முதல் எங்கள் மேசையில்தான் சாப்பாடு.

4

அந்தக் கோடையில் ஐந்து நாள் ஓட்டம். பெல்ஜியத்தில் தொடங்கி, பிரான்சின் மலைகளைத் தாண்டி, இத்தாலியின் கடற்கரையில் முடிவு. பெரிய பணக்காரரின் பெரிய கார்களுக்கு நடுவில் எங்கள் ஏ-ஃபோர்ட்டி முக்கி முனகி ஏறியது. ஆனால் நேரம் தவறவில்லை. கௌசி தவற விடவில்லை. மேசைகள் ஊர்ச் சதுக்கங்களில் இருந்தன, தொப்பி போட்ட கிழவர்கள் வைன் குடித்துக்கொண்டு முத்திரை குத்தினார்கள். மஞ்சள் பலகை வந்ததும், “நில்லுங்கோ” என்பாள், நிற்பேன். மணிக்கூட்டைப் பார்த்து, “போங்கோ” என்பாள், போவேன். நாலாம் நாள் மாலை, சின்னக் கார்களின் பிரிவில் நாங்கள் முதலாவது. கஸ்தோன் அழுதேவிட்டார்.

அன்றிரவுச் சாப்பாட்டில் எலென் கஸ்தோனிடம், “இந்தப் பெண்ணை அடுத்த கோடைக்கு எனக்குத் தந்துவிடு” என்றார். போர்த்துக்கல் வரை பன்னிரண்டு நாள் ஓட்டம். அவருக்கு வழி சொல்லும் தோழிக்கு முழங்கால் போய்விட்டதாம். கௌசி அதை எனக்கு இரண்டு தரம் மொழிபெயர்த்தாள்.

“அப்பா, எனக்கு இது சரிவருது, என்ன?”

“பின்ன? ஆற்ற மகள், என்ர மகளெல்லோ!”

ஐந்தாம் நாள் பின்னேரம். இத்தாலிய எல்லைக்கு ஏறுகிற கணவாய். மழை, பனிப்புகார், நாலு மணிக்கே மங்கிவிட்டது. அன்றைய கடைசி மேசையை எல்லைச் சாவடியோடு சேர்த்து வைத்திருந்தார்கள். வளைவு திரும்பியதும் கண்டேன். பாதைக்குக் குறுக்கே கம்பம். பச்சை ஜீப். சீருடைக்காரர் நாலு பேர், தோளில் துவக்கு. அதற்கு இப்பால் மஞ்சள் பலகை.

“நில்லுங்கோ அப்பா. நாலு நிமிசம் இருக்கு.”

நான் நிறுத்தவில்லை.

“அப்பா, நில்லுங்கோ!”

என் கால் பிரேக்கில் போகவில்லை. கை தானாகப் போய் ஹெட்லைற்றை நூர்த்து முன்பக்கத்தை இருட்டாக்கியது. மற்றக் கை கூரையில் இருந்த உள்லைற்றைப் போட்டது. இரண்டாம் கியரில், சரியாக, மெதுவாக, முகம் தெரிய, கம்பத்தடிக்குப் போய் நிறுத்தினேன். என்ஜினையும் நிறுத்தி இரண்டு கையையும் ஸ்ரியறிங்கின்மேல் வைத்தேன்.

“ஏன் உள்லைற் போட்டனீங்கள்? என்னப்பா செய்யிறியள்?” என்று கத்தினாள்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இராணுவச் சென்றிக்குக் கிட்டத் தயங்கி நிற்கக் கூடாது. தூரத்தில் நின்றால் சந்தேகம். பின்னுக்கு எடுத்தால் அதோடு சரி. எண்பத்தாறில் ஒருநாள் எனக்கு முன்னால் போன கார், ஆட்களின் அடையாள அட்டையை எடுத்து வைக்கலாம் என்று சென்றிக்கு ஐம்பது யார் தூரம் இப்பால் நின்றது. அதை ஓட்டியவன் நல்ல மனிதன், என்னோடு ஒரே கார் ஸ்ராண்டில் நின்று ஓடியவன். நிறுத்தியதுதான், வெடி விழுந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம், ஒரு நாளைக்கு ஆறு தரமோ எட்டுத் தரமோ, நான் உள்லைற்றைப் போட்டு நிற்காமல் போனேன். காலுக்கும் கைக்கும் அது அப்படியே பழகிவிட்டது. அவை ஐரோப்பாவுக்கு வந்தது எனக்கே தெரியாது.

நாலு நிமிடம் முந்தி வந்தோம். முதலாம் இடம் போய், ஒன்பதாம் இடம்.

5

இதுவரை நடந்ததற்கு நான் வெட்கப்படவில்லை. இனிமேல்தான்.

கஸ்தோன் வான் வண்டியில் இருந்து இறங்கி மழைக்குள் ஓடி வந்தார். நெஞ்சு வருத்தக்காரன், மூச்சு வாங்குகிறது. என்ன நடந்தது, என்ன நடந்தது என்று பிரெஞ்சில் கேட்கிறார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. எப்படிச் சொல்வது? நட்டு, எண்ணெய், நாளைக்கு என்ற பிரெஞ்சை வைத்துக்கொண்டு சென்றியைச் சொல்வதா? செத்தவனைச் சொல்வதா? ஐம்பது வயது ஆண்பிள்ளை கம்பத்தைக் கண்டு உறைந்துபோனேன் என்று சொல்வதா?

நான் சொன்னது மூன்றே மூன்று சொல். “மா ஃபீய்... எறேர்.” என் மகள், பிழை.

கௌசி இரண்டடி தள்ளி நின்றாள். எழுதுபலகை கையில், பென்சில் காதில். மொன்றியலில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த மூன்று சொல்லும் விளங்காதா? அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கஸ்தோனிடம், “பார்தோன், முசியே” என்றாள். மன்னிப்புக் கேட்டாள்! என்னைக் காட்டிக்கொடுக்காமல் தானே சுமந்தாள். அந்த நேரமாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

திறக்கவில்லை. விமானத்தில் பக்கத்துப் பக்கத்தில் எட்டு மணித்தியாலம் இருந்து வந்தோம். தமிழில் சொல்ல எனக்கு என்ன தடை? நாளைக்குச் சொல்லலாம், ஆறுதலாகச் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த சனிக்கிழமை அவள் காருக்குள் ஏறவில்லை. வேலை இருக்கு என்றாள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வருடக் கடைசியில் நான் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தபோது கஸ்தோன் சாதாரணமாகச் சொன்னார்: எலென் கௌசியைக் கேட்டு எழுதியிருந்தாராம். பிள்ளை நல்ல பிள்ளை, ஆனால் நெருக்கடியில் நேரத்தைப் பிழைவிடுகிறாள், வேறு ஆளைப் பார் என்று தான் பதில் போட்டுவிட்டாராம். “சரிதானே?” என்று குனிந்து கேட்டார். நான் ஸ்பானரைப் பிடித்தபடி, “வுய்” என்றேன். ஓம்.

மலையில் சொன்னது பதற்றம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த “வுய்”க்கு என்னிடம் ஒரு நியாயமும் இல்லை. வீட்டில் கௌசியின் அறைச் சுவரில் போர்த்துக்கல் வரைபடம் ஒட்டியிருந்தது. தபால்காரன் வருகிற நேரத்துக்குக் கீழே இறங்கிப் போவாள். பங்குனி வரை போனாள். பிறகு ஒருநாள் வரைபடம் சுவரில் இல்லை.

6

ஐஸ் மழைக்குத் திரும்புகிறேன். கௌசி சிநேகிதியின் காரோடு வந்தாள். ரோல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறினேன். இந்தமுறை அவள் ஓட்டுநர். பாலம் திறந்திருந்தது. ஆற்றைத் தாண்டியதும் லொங்கேய் இருண்டு கிடந்தது. பின்னேரம் ஐந்து மணிகூட ஆகவில்லை, ஒரு தெருவிளக்கும் இல்லை.

கஸ்தோனின் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு பச்சை ட்ரக் குறுக்கே நின்றது. சிப்பாய்கள் மூன்று பேர். விழுந்த மரத்தை அறுக்கும் சத்தம். வேறு பாதை இருக்கிறதா என்று பார்க்க, கௌசி கொஞ்சம் இப்பாலே காரை நிறுத்தினாள்.

“நிக்காதை! போ பிள்ளை, மெல்லப் போ! லைற்றை நூர்!”

சத்தம் போட்டது நான்தான். கையும் கூரைக்குப் போய் உள்லைற்றைப் போட்டுவிட்டது. சிப்பாய் ஒருவன் நடந்து வந்தான். முகத்தில் புள்ளி புள்ளியாக மச்சம், பள்ளிக்கூடம் விட்டு வந்தவனைப்போல இருந்தான். கம்பி அறுந்து கிடக்கிறது, இடது பக்கத்தால் போங்கள் என்றான். நான் என் லைசென்ஸை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தேன். அவன் அதைப் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல், “மெர்சி” என்று நன்றி சொன்னான்.

கௌசி இடது பக்கம் திரும்பி, கஸ்தோனின் வீட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். இறங்கவில்லை. உள்லைற் எரிந்துகொண்டிருந்தது.

“அண்டைக்கும் போட்டனீங்கள். மலையில.”

“ஓம்.”

“என்னத்துக்கு?”

சொன்னேன். சென்றியை, நிற்கக் கூடாது என்பதை, எனக்கு முன்னால் போய் நின்ற காரை. ஒன்றரை வருடம் கழித்து, ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தேன். அவ்வளவுதான் அந்தக் கதை. ஸ்ரியறிங்கில் இருந்து கையை எடுக்காமல் கேட்டாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒரு பாரம் இறங்கினதுபோல இருந்தது. மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தேன், மடையன்.

“சரி, உங்களுக்கு நிக்க ஏலாமப் போச்சு. அது விளங்குது. பேந்து ஏன் நான் பிழை எண்டு சொன்னனீங்கள்?”

நான் ரோல்ஸ் பெட்டியைப் பார்த்தேன். “விளங்கப்படுத்த எனக்குப் பிரெஞ்சு காணாது பிள்ளை.”

“என்னட்டத் தமிழில சொல்லியிருக்கலாம். அவருக்கு நான் சொல்லியிருப்பன். நான் அதுக்குத்தானே பக்கத்தில இருந்தனான்?”

பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, “இப்ப வா, உள்ள போவம். நான் சொல்லுறன், நீ அவருக்கு விளங்கப்படுத்து” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். “இல்லை. நீங்களே சொல்லுங்கோ. அண்டைக்குச் சொன்ன பிரெஞ்சு போதும்.”

தனியாக இறங்கிப் போனேன். கஸ்தோன் கோட்டும் கம்பளியுமாகக் கணப்படுப்பின் முன்னால் இருந்தார். ரோல்ஸைக் கண்டதும் குழந்தைபோலச் சிரித்தார். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன்.

“பா மா ஃபீய். முவா.” என் மகள் இல்லை. நான்.

அவருக்கு விளங்கவில்லை. கையால் காட்டினேன். மலை, மஞ்சள் பலகை, மணிக்கூடு, நில் என்று சொன்ன அவள், நிற்காத நான். கடித்த ரோல்ஸைத் தட்டில் வைத்தார். இவ்வளவு காலமுமா என்று கேட்டார். இவ்வளவு காலமும் என்றேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்காமல் நெருப்பில் இன்னொரு விறகை வைத்தார், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பிறகு மெதுவாக, எனக்கு விளங்குகிற மாதிரி, சொல் சொல்லாகச் சொன்னார். எலெனுக்கு எழுதுவாராம். ஆனால் எலென் போன இலையுதிர்காலத்தில் காரை விற்றுவிட்டார், இனி ஓடமாட்டார். “ட்ரோ தார்” என்றார். பிந்திவிட்டது.

வெளியே வந்தேன். தெரு முழுக்க இருட்டு, எங்கள் காருக்குள் மட்டும் லைற் எரிந்தது. கௌசி அதை நூர்க்கவில்லை. ஏறிக் கதவைச் சாத்தினேன்.

“சொன்னனீங்களோ?”

“சொன்னனான்.”

“என்ன சொன்னவர்?”

“பிந்திப்போச்சாம். எலென் காரை வித்திட்டாவாம்.”

அவள் சாவிக்குப் போன கையைத் திரும்ப எடுத்தாள். அந்தச் செய்தி அவளுக்குப் புதிது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இவ்வளவு நாளும் அவள் எங்கேயோ ஒரு மூலையில் இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“பிந்தினாலும் வெட்டுத்தான் அப்பா” என்றாள். “முந்தினதை விடக் கொஞ்சம் குறைவு.”

சிரிக்கவில்லை. கையை நீட்டி உள்லைற்றை நூர்த்துவிட்டு, காரை எடுத்தாள்.